முதலில் பின்சுவரைப் பாருங்கள்: ஃபைபர் பொருள்களுக்கு அல்ட்ராசோனிக் சோதனை

கொடைக்கானல் ஏரியில் நாம் மிதிக்கிற பெடல் படகு, பழனியில் இறங்கி உடுமலைப் பக்கம் போனால் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருக்கும் காற்றாலை இறக்கை, எடையில் பாதி காம்போசிட்டாகவே இருக்கும் போயிங் 787 விமானம் எல்லாம் பொருள் வகையில் ஒரே குடும்பம்தான். கண்ணாடி இழையோ கார்பன் இழையோ, அதைத் துணி மாதிரி அடுக்கடுக்காகப் பரப்பி, பாலியெஸ்டர் அல்லது எபாக்சி ரெசினில் ஊறவைத்து இறுகவிட்டால் கிடைப்பது. படகில் மலிவான கண்ணாடி இழை, விமானத்தில் விலையுயர்ந்த கார்பன், அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொன்னால் விமானக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், ஆனால் சோதனை செய்கிறவன் கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரி தொல்லைகளைத்தான் தரும்.

முதல் தொல்லை இதுதான். இழை ஓடும் திசையில் இந்தப் பொருளுக்குப் பயங்கர வலிமை, ஆனால் ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் நடுவே இழை எதுவும் கிடையாது, அங்கே பிடித்து வைத்திருப்பது வெறும் ரெசின் மட்டும்தான். அதனால் உடையும்போது பெரும்பாலும் அடுக்கு பிரிந்துதான் உடைகிறது. இதைத்தான் டீலாமினேஷன் என்கிறார்கள். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், கையால் தடவினால் ஒன்றும் தெரியாது, உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு அடுக்கு பிரிந்து கிடக்கும். அறுத்துப் பார்த்தால் தெரியும், ஆனால் அறுத்த பிறகு படகும் இல்லை இறக்கையும் இல்லை. எனவே அறுக்காமல் பார்க்க வேண்டும். அதற்கு எக்ஸ்ரே, வெப்பப் படம், தட்டிப் பார்ப்பது என்று பல வழிகள் இருக்கின்றன, அடுக்குப் பிரிவைத் தேட அதிகம் நம்பப்படுவது அல்ட்ராசோனிக், அதாவது காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பி எதிரொலியைப் பார்க்கும் யூடி.

நம் மலையிலிருந்தும் வத்தலக்குண்டு, பழனிப் பக்கமிருந்தும் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த பிள்ளைகள் என்டிடி, அதாவது பொருளை உடைக்காமல் சோதிக்கும் கோர்ஸில் சேர்ந்து, யூடி லெவல் டூ சர்டிஃபிகேட் வாங்கிக்கொண்டு வளைகுடாப் பக்கம் கிளம்புவது வழக்கம்தான். அந்த கோர்ஸ்களில் பெரும்பாலும் இரும்புத் தகடும் வெல்டிங்கும்தான் பாடம். கருவியின் திரையில் இருக்கக்கூடாத இடத்தில் ஒரு முள் (எதிரொலியைக் காட்டும் கூரான கோடு) எழும்பினால் அது குறை, அளந்து எழுது என்று பழக்கிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தோடு ஃபைபருக்கு வந்தால் பாதிக் குறைகள் கண்ணில் படாமலே போகும், ஏனென்றால் இங்கே பல குறைகள் முள்ளாக எழும்பவே எழும்பாது. இங்கே முதலில் பார்க்க வேண்டியது பின்சுவர் எதிரொலியை. பேக்வால் எக்கோ என்று பாடத்தில் வருமே, தகட்டின் அடிப்பக்கத்தில் மோதித் திரும்பும் ஒலி, அதுதான். ஏன் என்று அடியிலிருந்து சொல்கிறேன்.

வட்டக்கானலில் டால்பின் நோஸ் தாண்டி எக்கோ பாயிண்டில் நின்று கத்தாதவர்கள் நம் ஊரில் குறைவு. கத்தின சத்தம் எதிர்ப் பாறையில் மோதித் திரும்பி ஒரு நொடி கழித்துக் காதில் விழுந்தால், பாறை சுமார் 170 மீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போடலாம். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும், போக வர இரண்டு வழி, எனவே பாதி. யூடி கருவி செய்வது முழுக்க இந்தக் கணக்குத்தான், அளவு மட்டும் சுருங்கிவிடும். கார்பன் ஃபைபர் தகட்டின் தடிமன் வழியாக ஒலி நொடிக்கு ஏறக்குறைய 3000 மீட்டர் வேகத்தில் போகிறது. தகடு 6 மில்லிமீட்டர் என்றால் போக வர 12 மில்லிமீட்டர், அதற்கு ஆகும் நேரம் 4 மைக்ரோநொடி. நடுவில் 2 மில்லிமீட்டர் ஆழத்தில் அடுக்கு பிரிந்திருந்தால் 1.3 மைக்ரோநொடியிலேயே எதிரொலி வந்துவிடும். மைக்ரோநொடி என்பது நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்ததில் ஒரு பங்கு. எக்கோ பாயிண்டில் காது செய்யும் வேலையை இங்கே எலெக்ட்ரானிக்ஸ் செய்கிறது.

கத்துவது யார்? ப்ரோப், அதாவது கருவியோடு சேர்ந்த, தகட்டின் மேல் வைத்து நகர்த்தும் துண்டு. அதற்குள் ஒரு சின்ன வில்லை இருக்கிறது, மின்னழுத்தம் கொடுத்தால் அதிரும், அதிர்ந்தால் மின்னழுத்தம் தரும். கத்துவதும் அதுவே, கேட்பதும் அதுவே. அழுத்தினால் சில படிகங்களில் மின்சாரம் பிறக்கிறது என்று பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் 1880-ல் கண்டுபிடித்ததன் மேல்தான் இந்தத் தொழில் முழுக்க நிற்கிறது. நம் காது 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், ப்ரோப் போடும் சத்தமோ லட்சங்களில் இருக்கும். ஃபைபர் வேலைக்குப் பெரும்பாலும் 1-லிருந்து 10 மெகாஹெர்ட்ஸ் வரை.

பிரசவத்துக்கு முன் எடுக்கும் வயிற்று ஸ்கேனும் இதே சங்கதிதானே என்று கேட்பவர்கள் உண்டு. ஆமாம், ஆனால் ஆஸ்பத்திரிக்காரர்களிடமிருந்து தொழிற்சாலைக்காரர்கள் கடன் வாங்கியதாகத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள், நடந்தது தலைகீழ். உலோகத்தில் குறை பார்க்க ஒலியைப் பயன்படுத்தலாம் என்று சோகலோவ் என்ற விஞ்ஞானி 1920-களின் கடைசியிலேயே ரஷ்யாவில் சொல்லியிருந்தார், ஃபையர்ஸ்டோன் என்ற விஞ்ஞானி அமெரிக்காவில் எதிரொலிக் கருவிக்கு 1940-ல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். கிளாஸ்கோவில் இயன் டொனால்டு என்ற மகப்பேறு மருத்துவர் 1955-ல், பாய்லர் செய்யும் ஒரு கம்பெனிக்குக் கட்டிகளை எடுத்துக்கொண்டு போய், அங்கே உலோகத்தைச் சோதிக்க வைத்திருந்த கருவியில் வைத்துப் பார்த்த பிறகுதான் வயிற்று ஸ்கேனுக்கு வழி திறந்தது.

சரி, ஒலி ஏன் திரும்புகிறது? ஒரு பொருளின் அடர்த்தியையும் அதில் ஒலி போகும் வேகத்தையும் பெருக்கினால் வருவதை ஒலித்தடை என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு அது சுமார் 1.5, கார்பன் தகட்டுக்கு 4.5-ஐ ஒட்டி, எஃகுக்கு 46, காற்றுக்கு வெறும் 0.0004. அலகை விடுங்கள், விகிதத்தைப் பாருங்கள். இரண்டு பொருள் சந்திக்கும் இடத்தில் இந்த எண்கள் எவ்வளவு வேறுபடுகின்றனவோ அவ்வளவுக்கு ஒலி திரும்பிவிடும். தண்ணீரிலிருந்து கார்பன் தகட்டுக்குள் போகும்போது ஆற்றலில் கால்பங்கு திரும்பும், முக்கால்பங்கு உள்ளே போகும். தண்ணீரிலிருந்து எஃகுக்குப் போகும்போது சுமார் 88 சதவீதம் வாசலிலேயே திரும்பிவிடும். அதாவது உள்ளே நுழையும் விஷயத்தில் ஃபைபர் எஃகைவிடத் தாராளம். ஆனால் தகட்டிலிருந்து காற்றுக்கு என்றால் 99.9 சதவீதத்துக்கு மேல் திரும்பிவிடுகிறது, ஏறக்குறைய எதுவுமே தாண்டாது.

இந்த ஒரு கணக்கிலிருந்து மூன்று நான்கு விஷயங்கள் தானாக வந்து விழுகின்றன. ப்ரோப்புக்கும் தகட்டுக்கும் நடுவே காற்று இருந்தால் ஒலி உள்ளேயே போகாது, அதனால்தான் ஜெல்லோ தண்ணீரோ தடவுகிறோம். தகட்டின் அடிப்பக்கம் காற்று இருக்கிறது, அதனால் அங்கே மோதிய ஒலி முழுக்கத் திரும்புகிறது, அதுதான் பின்சுவர் எதிரொலி. நடுவில் அடுக்கு பிரிந்த இடத்திலும் காற்று இருக்கிறது, அந்தப் பிளவு மயிரிழையில் நூறில் ஒரு பங்கு மெல்லியதாக இருந்தாலும் போதும், ஒலி அங்கேயே திரும்பிவிடும். அப்போது திரையில் இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் நடக்கும்: நடுவில் ஒரு முள் எழும்பும், கடைசியில் இருந்த பின்சுவர் முள் விழுந்துவிடும். முள் எழும்பியதை எல்லாரும் பார்ப்பார்கள். விழுந்ததைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் எழும்பாமல் விழுவது உண்டு. காற்றுக்குமிழிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ரெசின் இறுகும்போது உள்ளே மாட்டிய காற்றும் ஈரமும் பொடிப்பொடிக் குமிழிகளாக நின்றுவிடும், இதைப் பொராசிட்டி என்பார்கள். விமானப் பாகங்களை ஆட்டோகிளேவ் என்னும் ராட்சதப் பிரஷர் பாத்திரத்துக்குள் அழுத்தத்தோடு வேகவைப்பதே முக்கியமாக இதை நசுக்கத்தான். ஒவ்வொரு குமிழியும் தனித்தனியாக எதிரொலி தரும் அளவுக்குப் பெரிதல்ல, ஆனால் ஒவ்வொன்றும் கொஞ்சம் ஒலியை அங்குமிங்கும் சிதறடிக்கும். விளைவு, நடுவில் தெளிவான முள் எதுவும் இருக்காது, அடியில் புல் முளைத்த மாதிரி கொஞ்சம் இரைச்சல் கூடும், பின்சுவர் மட்டும் பாதியாக, கால்பங்காகச் சுருங்கும். இரும்பில் பழகின கண் இதை நல்ல இடம் என்று எழுதிவிட்டுப் போய்விடும். பொராசிட்டி 2 சதவீதம் என்றாலே விமான வேலையில் பல பாகங்கள் தள்ளுபடி, காரணம் குமிழி ஒரு சதவீதம் கூடினால் அடுக்குகளுக்கு இடையிலான பிடிப்பு வலிமை சுமார் 7 சதவீதம் குறையும் என்று பழைய ஆய்வுகளிலேயே கண்டிருக்கிறார்கள்.

பின்சுவர் குறைந்தால் எப்போதும் குறை என்றும் முடிவுகட்டக்கூடாது. ஜெல் காய்ந்திருக்கலாம், ப்ரோப் சாய்ந்திருக்கலாம், மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கலாம், தகட்டின் பின்பக்கம் சரிவாக இருந்து ஒலி வேறு பக்கம் போயிருக்கலாம், பின்பக்கத்தில் யாரோ ஏதாவது ஒட்டியிருக்கலாம். இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் குறை. எந்தப் பாகத்தைச் சோதித்தாலும் அதன் படத்தை, எத்தனை அடுக்கு, எங்கே தடிமன் மாறுகிறது, எங்கே ஃபோம் இருக்கிறது என்பதை முதலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். படம் தரமாட்டேன் என்று சொல்கிற இடத்தில் ரிப்போர்ட் எழுதி வாங்கிக்கட்டிக்கொள்வது நீங்கள்தான்.

இரும்போடு இன்னொரு வித்தியாசம், ஒலி உள்ளே களைத்துப்போவது. கொடை ரோடு வழியாகப் போகும் தண்டவாளத்தை, நாட்டின் மற்றத் தண்டவாளங்களைப் போலவே, ரயில்வேக்காரர்கள் ஒரு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு, தண்ணீர் சொட்டவிட்டபடி நடந்தே சோதிக்கிறார்கள், அதுவும் யூடிதான். எஃகு சீரான பொருள், ஒலி அதில் தூரம் போகும். ஃபைபரில் ரெசின் ஒலியை உறிஞ்சும், இழைகள் சிதறடிக்கும், அதிர்வெண் கூடக்கூட இரண்டும் மோசமாகும். அதிர்வெண்ணைக் குறைத்தால் ஆழம் போகலாம், ஆனால் அலைநீளம் பெரிதாகி சின்னக் குறைகள் நழுவும். 5 மெகாஹெர்ட்ஸில் கார்பனுக்குள் அலைநீளம் 0.6 மில்லிமீட்டர், 1 மெகாஹெர்ட்ஸில் 3 மில்லிமீட்டர். விமானத் தகட்டில் ஓர் அடுக்கு ஏறக்குறைய 0.125 மில்லிமீட்டர்தான் என்பதை நினைவில் வையுங்கள். அதனால் மெல்லிய கார்பன் தகட்டுக்கு 5 மெகாஹெர்ட்ஸ், காற்றாலை இறக்கையின் தடித்த கண்ணாடி இழைப் பட்டைக்கு 1 மெகாஹெர்ட்ஸோ அதற்கும் கீழோ என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே ப்ரோப்பை வைத்துக்கொண்டு கெயினை (திரையில் முள்ளைப் பெரிதாக்கிக் காட்டும் அளவை) மட்டும் ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் இருக்கிறார்கள். ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்துதான் ஏறும்.

மேற்பரப்பை ஒட்டிய குறைகள் தனிப் பிரச்சினை. ப்ரோப் கத்தி முடிப்பதற்குள் எதிரொலி வந்துவிட்டால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும், முதல் சில அடுக்குகள் குருட்டுப் பகுதியாகிவிடும். ப்ரோப்பின் முனையில் ஒரு பிளாஸ்டிக் துண்டை வைத்து நேரத்தைத் தள்ளிப்போடும் டிலே லைன் ப்ரோப் இதற்காக வந்ததுதான்.

இனி அடிபட்ட குறை. ஃபைபர் விஷயத்தில் உண்மையிலேயே பயப்பட வேண்டியது இது. இரும்புத் தகட்டில் ஸ்பேனர் விழுந்தால் பள்ளம் விழும், பார்த்த உடனே தெரியும். கார்பன் தகட்டில் அதே ஸ்பேனர் விழுந்தால் மேலே லேசான ஒரு தழும்பு, சில சமயம் அதுகூட இல்லை, தகடு வளைந்து பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் அந்த ஒரு நொடியில் உள்ளே இழைத் திசை மாறும் ஒவ்வோர் அடுக்கு எல்லையிலும் பிரிவு உண்டாகிவிடும், அதுவும் மேலே சின்னதாக ஆரம்பித்து அடிப்பக்கம் போகப்போக அகலமாக விரியும். ஆலங்கட்டி மழை, ஓடுபாதையில் தெறிக்கும் கல், ஏரியில் படகு கரையில் மோதுவது எல்லாம் இந்த வகை. இழுக்கும் விசைக்கு அப்படிப்பட்ட தகடு ஓரளவு தாங்கிவிடும். அமுக்கும் விசை வரும்போதுதான், பிரிந்த அடுக்குகள் தனித்தனியாக வளைந்து, எதிர்பார்க்காத சுமையில் மடங்கும்.

இதைப் படம் எடுப்பதில் ஒரு தந்திரம் தெரிந்திருக்க வேண்டும். முதல் பிரிவில் மோதிய ஒலி அங்கேயே திரும்பிவிடுவதால் அதன் நேர் கீழே இருப்பது எதுவும் தெரியாது. கீழே பிரிவு அகலம் என்பதால் ஓரங்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு தெரியும். மேலிருந்து ஒருமுறை, முடிந்தால் அடியிலிருந்து ஒருமுறை பார்த்தால்தான் முழு உருவம் பிடிபடும். அகலத்தை அளக்க எளிய வழி, ப்ரோப்பை நகர்த்திக்கொண்டே போய்க் குறையின் எதிரொலி பாதியாகும் இடத்தை ஓரம் என்று குறிப்பது. பாதி என்றால் 6 டெசிபல் குறைவு, அதனால் 6 டெசிபல் முறை என்பார்கள். சின்னக் குறைக்கு இது பொய் சொல்லும், ப்ரோப்பின் ஒலிக்கற்றையைவிடச் சிறிய குறைக்குக் கற்றையின் அகலத்தைத்தான் அளந்து தரும்.

மலையில் வேலை பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஈரம். காற்று இருந்தால்தான் பிளவு தெரியும் என்றோம். அந்த மெல்லிய பிளவுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால்? தண்ணீருக்கும் தகட்டுக்கும் தடை வித்தியாசம் குறைவு, அதுவும் பிளவு மைக்ரான் கணக்கில் மெலிதாக இருந்தால் ஒலி அதை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் தாண்டிப் போய்விடும், பின்சுவர் ஜம்மென்று நிற்கும். எனவே ஏரியிலிருந்து அப்போதுதான் தூக்கிய படகை, விரிசல் ஓரம் திறந்திருக்கும் பாகத்தை, ஐப்பசி மழையில் நனைந்துகொண்டிருந்த பொருளை உடனே சோதித்து 'நன்றாக இருக்கிறது' என்று கையெழுத்துப் போடாதீர்கள். காயவிடுங்கள். ஓரம் பிரிந்து தெரியும் இடத்தில் தண்ணீரைக் கப்ளண்டாக (ப்ரோப்புக்கு அடியில் காற்றை விலக்கத் தடவும் பொருளாக) ஊற்றினால் நீங்களே குறையை மறைத்துவிடுகிறீர்கள், அங்கே கெட்டியான ஜெல்தான் நல்லது.

அப்புறம் குளிர். ரெசினிலும் பிளாஸ்டிக்கிலும் சூடு ஏறினால் ஒலியின் வேகம் குறையும், தண்ணீரில் நேர்மாறு, 10 டிகிரியில் நொடிக்கு 1447 மீட்டர், 30 டிகிரியில் 1509. கொடையில் மார்கழிக் காலையில் கை விறைக்கும் குளிரில் வெளியே கிடந்த பாகத்தை, அறைக்குள் ஹீட்டர் பக்கத்தில் வைத்திருந்த பிளாக்கில் காலிபிரேஷன் (கருவியின் கணக்கைச் சரிசெய்வது) செய்துவிட்டுப் போய் அளந்தால் தடிமன் கணக்கு இடிக்கத்தான் செய்யும். பிளாக்கும் பாகமும் ஒரே இடத்தில், ஒரே சூட்டில் கொஞ்ச நேரம் கிடக்கட்டும். பிளாக் என்றால் இரும்புப் பிளாக் அல்ல. சோதிக்கப்போகும் அதே இழை, அதே ரெசின், அதே அடுக்கில் செய்து, தெரிந்த ஆழத்தில் தெரிந்த அளவுக் குறைகளை வைத்த துண்டு. எஃகுப் பிளாக்கில் வேகத்தைச் சரிசெய்துவிட்டு ஃபைபரை அளந்தால், எஃகில் வேகம் நொடிக்கு 5900 மீட்டர் என்பதால், எல்லா ஆழமும் ஏறக்குறைய இரண்டு மடங்காகக் காட்டும்.

திரையில் ஓர் இடத்தின் முட்களைக் காட்டுவது ஏ-ஸ்கேன். ப்ரோப்பை முழுப் பரப்பிலும் ஓட்டி, ஒவ்வோர் இடத்தின் முடிவையும் ஒரு வண்ணப் புள்ளியாக்கி மேலிருந்து பார்க்கும் வரைபடமாகத் தருவது சி-ஸ்கேன். தொழிற்சாலையில் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தோ, இரண்டு பக்கமும் தண்ணீரைப் பீய்ச்சி அதன் வழியே ஒலியைச் செலுத்தியோ இதை எடுக்கிறார்கள். நடுவில் தேன்கூடு அறைகள் இருக்கும் பாகங்களுக்கு எதிரொலி முறை சரிவராது, அறைகளுக்குள் முழுக்கக் காற்று, எனவே ஒரு பக்கம் கத்தி மறுபக்கம் கேட்பது, எங்கே சத்தம் வரவில்லையோ அங்கே கோளாறு. சி-ஸ்கேன் பார்க்க அழகாக இருக்கும், மேனேஜர்களுக்கு மிகவும் பிடிக்கும். என் கருத்து, கற்றுக்கொள்ளும் வரை அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. சிவப்பு எது, நீலம் எது என்று தீர்மானிப்பது நீங்கள் வைத்த கேட் (திரையில் எந்தப் பகுதி முள்ளைக் கவனிக்க வேண்டும் என்ற எல்லை), நீங்கள் வைத்த கெயின். நடுவில் எழும்பும் முள்ளுக்கு மட்டும் கேட் வைத்து, பின்சுவருக்கு வைக்காமல் விட்டால் பொராசிட்டி நிறைந்த தகடு முழுக்கப் பச்சையாக வரும். சந்தேகம் வந்த புள்ளியில் ஏ-ஸ்கேனைத் திறந்து பார்க்காமல் ரிப்போர்ட் எழுதக்கூடாது.

அல்ட்ராசோனிக்கால் முடியாததும் இருக்கிறது. மேற்பரப்புக்குச் செங்குத்தாக நிற்கும் விரிசலில் நேராகப் போகும் ஒலி மோதாது, அதனால் தெரியாது, ஃபைபரில் பெரும்பாலான பிரிவுகள் படுக்கைவாட்டில் இருப்பது நம் அதிர்ஷ்டம். அதைவிடப் பெரிய ஓட்டை பசை ஒட்டிய இடங்கள். காற்றாலை இறக்கை இரண்டு ஓடுகளாகச் செய்து பசையால் ஒட்டப்படுவது, உள்ளே தாங்கும் சுவர்களும் பசையில்தான் நிற்கின்றன. பசையே போகாமல் இடைவெளி விட்டிருந்தால் ஒலி காட்டிக்கொடுக்கும். ஆனால் பசை இருக்கிறது, இரண்டு பக்கமும் தொட்டுக்கொண்டிருக்கிறது, அழுக்கோ எண்ணெயோ பட்டதால் பிடிப்பு மட்டும் இல்லை என்றால், நடுவில் காற்று இல்லாததால் ஒலி சாதாரணமாகக் கடந்துவிடும். இதற்கு இன்று வரை நம்பகமான எளிய சோதனை கிடையாது. ஒட்டும் முன் சுத்தம் செய்ததைச் சரிபார்ப்பது, கூடவே ஒட்டிய மாதிரித் துண்டை இழுத்து உடைத்துப் பார்ப்பது, இதுதான் நடைமுறை. அடுக்கு பிரிந்திருக்கிறதா என்பதற்கு யூடி பதில் சொல்லும், எவ்வளவு பலமாக ஒட்டியிருக்கிறது என்பதற்குச் சொல்லாது.

பழக வேண்டும் என்றால் பெரிய லேப் தேவையில்லை. ஃபைபர் வேலை செய்யும் பட்டறையில் கழித்துப் போட்ட தட்டையான துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பின்பக்கத்திலிருந்து வெவ்வேறு ஆழத்துக்கு, அடி தட்டையாக இருக்கும்படி சில குழிகள் போடுங்கள், அவைதான் உங்கள் டீலாமினேஷன். கோர்ஸ் நடக்கும் இடத்தில் கருவி கிடைக்கும்போது நல்ல இடத்தில் பின்சுவர் முள்ளைத் திரையின் முக்கால் உயரத்துக்கு வையுங்கள், அந்தக் கெயின் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள், பிறகு அதைத் தொடாமல் துண்டு முழுக்க ப்ரோப்பை ஓட்டிப் பின்சுவர் மட்டும் எங்கெங்கே எவ்வளவு விழுகிறது என்று தாளில் வரையுங்கள், நடுவில் எழும்பும் முள்ளை இப்போதைக்குக் கண்டுகொள்ளாதீர்கள். குழிகள் எல்லாம் வரைபடத்தில் வந்துவிடும், கூடவே நீங்கள் போடாத சில இடங்களும் வரும். அந்த இடங்களில் துண்டை அறுத்து, வெட்டுமுகத்தை நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளில் வழுவழுப்பாகத் தேய்த்து லென்ஸில் பாருங்கள், குமிழியா, ரெசின் ஊறாத இழையா என்று தெரியும். அறுக்கும்போது மாஸ்க்கும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம், கண்ணாடி இழைத் தூள் பட்டால் உடம்பு ராத்திரி முழுக்க அரிக்கும்.